கந்தம்மாள் கடையில் சூப்பு ஆறிய மத்தியானம்

பாரிஸ் பட்டணத்தில் இன்றைக்கு ஒருத்தன் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு கிண்ணம் சூப்பு குடிக்கிறான் என்றால், சங்ககிரிக் கந்தம்மாள் பெரிய மனசு பண்ணி அந்த ஊரை விட்டுவைத்ததால்தான். அவள் மட்டும் கப்பல் ஏறியிருந்தால் அங்கே இருக்கிற அத்தனை சாப்பாட்டுக் கடைக்காரர்களும் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பருத்தி எடுக்கப் போயிருப்பார்கள். அவள் கறி வேகவைக்கிற நாளில் காற்று மேற்கே திரும்பினால், பிரெஞ்சு தேசத்து மந்திரிகள் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு மூக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார்களாம். நம் சங்ககிரி மலைக்கோட்டையில் காவல் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பீரங்கியைப் போட்டுவிட்டு இறங்கி ஓடியதுகூட இந்த வாசனைக்குத்தான். அப்போது அவள் பிறக்கவே இல்லையே என்று கேட்பவர்கள் வாசனையின் மகிமை தெரியாதவர்கள்.

நடந்தது இதைவிடச் சின்னது. காரம் மட்டும் கொஞ்சம் கூட.

கந்தம்மாள் பிறந்தது வெண்ணந்தூரில், தறிக்காரர் வீட்டில். நடை பழகினதும் தறிக்கு நூல் தார் சுற்றப் பழகினாள். அவளைக் கட்டிய வீரபாகுவுக்குத் தறிக்குழியில் காலை விட்டு உட்காரப் பிடிக்காது. புதுச்சேரியில் பஞ்சாலை வேலை என்று அவளையும் கூட்டிக்கொண்டு போனான். அங்கே நிற்கவும் பிடிக்கவில்லை. ஒருநாள் கப்பல் பார்க்கப் போனவன் பார்த்த கப்பலிலேயே ஏறிச் சைகோனுக்குப் போய்விட்டான் என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். அவள் அழுதாளா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் கடற்கரைப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மாளின் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் தெரியும்.

அந்த மாதிரிக் கடைக்கு அவர்கள் பாஷையில் பிஸ்த்ரோ என்று பேர். பெரிய ஓட்டல் இல்லை. நாலு மேசை, ஒரு பலகை, பலகையில் அன்றைக்கு என்ன சமையல் என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருக்கும். பென்ஷன் வாங்கிய சிப்பாய், கோர்ட்டுக் கச்சேரிக் குமாஸ்தா, பெண்சாதியோடு சண்டை போட்ட வைத்தியர் என்று தினமும் வருகிற முகங்களே வரும். ஆளுக்கொரு நாற்காலி. வேறொருத்தன் தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு மூஞ்சி தொங்கிப்போகும். கடைக்கார அம்மாளை எல்லாரும் மதாம் என்பார்கள். இவளும் அப்படியே கூப்பிட்டாள்.

பாத்திரம் தேய்த்தவள் வெங்காயம் உரித்தாள். வெங்காயம் உரித்தவள் கரண்டியைப் பிடித்தாள். சில வருசத்தில் மதாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார, அடுப்பு முழுக்கக் கந்தம்மாள் கைக்கு வந்துவிட்டது. பாஷை அரைகுறைதான். ஆனால் மதாமின் சட்டங்கள் மூன்றும் அவளுக்குத் தலைகீழாகப் பாடம். முதல் தட்டு காலியாகாமல் அடுத்தது வெளியே போகக் கூடாது. மேசையில் பெண்பிள்ளை இருந்தால் முதல் தட்டு அவளுக்குத்தான். சமைத்தவள் வெளியே வந்து, தின்னுங்கள் தின்னுங்கள் என்று கெஞ்சக் கூடாது. நல்லதாக இருந்தால் அவர்களே தின்பார்கள்.

இந்தச் சட்டங்களை அவள் வேலைக்காகத்தான் முதலில் கேட்டுக்கொண்டாள். மனசுக்குள் போனது பிரெஞ்சுக்காரர்கள் கொண்டாடுகிற ஒரு ஜூலை மாசத்துக் கொடி நாளில். ஊரெல்லாம் ஊர்வலம் பார்க்கப் போய்விட, கடைக்கு விடுமுறை. மதாம் அவளைக் கூப்பிட்டு ஜன்னலோரத்து நாற்காலியைக் காட்டினாள். துடைக்கச் சொல்கிறாள் என்று இவள் துணியை எடுத்தாள். துணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மதாம் அவளைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். பிறகு நொண்டி நொண்டிப் போய், சூப்பு, அதை முடித்ததும் மீன், அதை முடித்ததும் கறி என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். கந்தம்மாளுக்கு அதுவரைக்கும் ஆறின சோறுதான் சோறு. வெண்ணந்தூரில் அப்பனும் அண்ணன்மாரும் உண்டு எழுந்த பிறகு சட்டியில் ஒட்டினது. வீரபாகு வீட்டில் அவன் எப்போது வருவான் என்று காத்திருந்து விறைத்துப்போனது. தனக்கென்று அடுப்பிலிருந்து நேராக, ஆவி பறக்க ஒரு பண்டம் வந்து நிற்பது எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்டாள். நாக்கைச் சுட்டுக்கொண்டாள். அதையும் சந்தோசமாகவே சுட்டுக்கொண்டாள்.

மதாம் கடையை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பியபோது ஒரு இரும்புச் சட்டியையும் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களையும் இவளிடம் கொடுத்தாள். வெண்ணந்தூருக்கு வந்து வைக்கோல் சுற்றிய அந்தக் கிண்ணங்களை இவள் பிரித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் பெண்சாதி ராட்டையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். கந்தம்மாள் கிண்ணங்களைத் திரும்பவும் வைக்கோலில் சுற்றினாள். தம்பி சடையன் ஒருத்தன்தான் கூட வந்தான். ஆள் ஆறடிக்கு மேல். தறிக்குழியில் இறங்கினால் முழங்கால் மோவாயில் இடிக்கும். எங்கே கூப்பிட்டாலும் போயிருப்பான்.

அப்போதுதான் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்திருந்தது. சங்ககிரியில் ரோட்டோரமாக ஒரு கள்ளுக்கடை மூடிக் கிடந்தது. ஓட்டுக் கட்டடம், நீள நீள பெஞ்சு, நல்ல காற்று. கட்டடம் மணியக்காரர் சண்முகவேலுடையது. வௌவால் குடியேறுவதற்குக் கந்தம்மாள் குடியேறட்டும் என்று விட்டார். பெஞ்சுகளை அறுத்து மேசையும் நாற்காலியுமாக்கினார்கள். அடைமழைக்கும் போகாத கள்ளு வாடையை மூன்று தடவை சுண்ணாம்பு அடித்துப் போக்கினாள். வாசலில் பிஸ்த்ரோ என்று எழுதின ஒரு பலகையும் மாட்டினாள்.

வண்டிக்காரர்கள் வந்தார்கள். கோயமுத்தூர் போகிற பஸ்ஸின் டிரைவர் வந்தார். ரயில் ஸ்டேஷன் ஆட்கள் வந்தார்கள். ஒற்றை ஆளாக வருகிறவனுக்குப் பசிதான் சட்டம். ஆட்டுக்கால் சூப்பை வைத்தால் குடித்தான். காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மீனை வைத்தால் தின்றான். என்ன அம்மிணி, வாழைக்கன்றுக்குத் தண்ணி விடற மாதிரி சொட்டுச் சொட்டா உடறே என்று கேலி பண்ணிக்கொண்டே மறுநாளும் வந்தான்.

ஒரே ஒரு இடத்தில்தான் அவள் கொஞ்சம் ஆடம்பரம் பண்ணினாள். புதுச்சேரியில் சாப்பாட்டோடு சிவப்பாக ஒயின் ஊற்றிக் கொடுப்பார்கள். இங்கே அது ஜெயிலுக்கு வழி. அதற்குப் பதிலாக நன்னாரி சர்பத்தைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வைத்தாள். பழைய கள்ளுக்கடை, பிரெஞ்சுப் பேர், கண்ணாடித் தம்ளர், உள்ளே சிவப்பாக ஏதோ. ஊர் வாய்க்கு இது போதாதா? மோந்து பார்த்துவிட்டுப் போக வந்த போலீஸ்காரர் ஒரு தம்ளர் குடித்துவிட்டு, இனிப்புக் கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டுப் போனார். போலீசே குடித்துவிட்டுப் போனார் என்று அன்று சாயந்திரத்துக்குள் மல்லசமுத்திரம் வரைக்கும் சேதி போய்விட்டது.

மணியக்காரருக்கு ஒரு பங்காளி, சரவணமுத்து என்று பேர். அவருக்கு அந்தக் கட்டடத்தின் மேல் ஒரு கண். பருத்திக் கிடங்கு வைக்க அதைவிடத் தோதான இடம் சங்ககிரியில் இல்லை என்று சொல்லிச் சொல்லி, அப்படித்தான் போலிருக்கிறது என்று மணியக்காரரே நம்பிவிட்டார். கள்ளுச் சேதியை மணியக்காரர் காதில் போட்டதும் இந்தச் சரவணமுத்துதான். மணியக்காரர் கெட்ட மனுசர் இல்லை. தன் கட்டடத்தின் பேர் கெட்டால் தன் பேரே கெட்டதுபோல் அவருக்குத் தோன்றும், அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"அம்மிணி, ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க. எனக்கு அதெல்லாம் கேட்க நேரமில்லை. புதன்கிழமை மத்தியானம் என்ற அக்காளைக் கூட்டிட்டு வாரேன். அவ உக்காந்து உண்டுட்டு எந்திரிக்கற எடமா இருந்தாக் கடை இருக்கட்டும். இல்லீன்னா வெள்ளிக்கிழமை பூட்டு."

"வரட்டுமுங்க," என்றாள் கந்தம்மாள். "உக்காந்து உண்ணறதுக்குத்தானுங்க கடை வெச்சிருக்கறேன்."

மணியக்காரரின் அக்காள் பூவாத்தாளை அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. புருசன் போனதும் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டவள். பண்ணையம் முழுக்க அவள் கண்ணசைவில் நடக்கும். தம்பி ஊருக்கு மணியக்காரர், அவள் தம்பிக்கு மணியக்காரர். அப்படிப்பட்டவள் ஒரு ரோட்டுக் கடையில், அதுவும் முந்தாநாள் வரை கள்ளு விற்ற இடத்தில் காலை வைப்பாளா என்று ஊரே கண்ணை அகட்டிக்கொண்டு காத்திருந்தது.

சடையன் அந்த நாலு நாளும் தூங்கவில்லை. அக்காவின் பின்னாலேயே சுற்றிச் சுற்றி வந்து கெஞ்சினான். புதன்கிழமை ஒருநாளைக்கு மட்டும் வாழையிலை போட்டு, சோறு குழம்பு ரசம் என்று ஊர் வழக்கமாக வைத்துவிடலாம், வியாழக்கிழமையிலிருந்து உன் வெள்ளைக்காரச் சட்டத்தைப் பிடித்துக்கொள் என்றான்.

"ஒருநாளைக்கு மட்டும்னு எறங்கினா மறுநாள் ஏற முடியாதுடா," என்றாள் அவள். "இலையில சோறு போடறதுக்கு இந்த ரோட்டுல பத்துக் கடை வரும். அவங்க வர்றது என்ற கடைக்கு. என்ற கடையைத்தான் காட்டுவேன்."

அதற்கு மேல் பேசினால் கரண்டி பறக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

புதன்கிழமை. வில்வண்டி வந்து நின்றது. மணியக்காரர் இறங்கினார், சரவணமுத்து இறங்கினார். கடைசியில் பூவாத்தாள், ஓரக்கண்ணால் கூரையையும் சுவரையும் மேசையையும் அளந்துகொண்டே இறங்கினாள். நாற்காலியில் உட்காரும்போது மூன்று பேருக்குமே கால்களை என்ன செய்வது என்று புரியவில்லை. சரவணமுத்து ஒரு காலை மடக்கி மேலே வைத்தார். நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டதும் கீழே இறக்கிக்கொண்டார். நன்னாரித் தம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, மோந்து, நுனி நாக்கால் தொட்டுப் பார்த்தார். பிறகு கீழே வைத்துவிட்டார். அதில் குற்றம் கிடைக்காதது அவருக்கு வருத்தம்தான்.

கந்தம்மாள் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். கதவில் ஒரு விரல் அகலத்துக்குச் சந்து உண்டு. அதில் கண்ணை வைத்தால் மேசை தெரியும். சடையன் சூப்புக் கிண்ணங்களைக் கொண்டுபோனான். முதல் கிண்ணத்தைப் பூவாத்தாள் முன்னால் வைத்தான். ஆண்பிள்ளைகள் இருவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பூவாத்தாள் கிண்ணத்தைப் பார்த்தாள், எதுவோ தப்பான வீட்டுக்கு வந்துவிட்டதைப் போல.

அதற்கப்புறம் ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றுமே நடக்கவில்லை. மேசையில் மூன்று கிண்ணம், மூன்று பேர். யாரும் கையை நீட்டவில்லை. மணியக்காரர் சுவரைப் பார்த்தார். சரவணமுத்து மலையைப் பார்த்தார். பூவாத்தாள் மடியில் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள். சடையன் உள்ளே ஓடிவந்தான்.

குடிக்க மாட்டேனென்கிறார்கள் என்றான். அப்படியானால் காலியாகவில்லை என்றாள் அவள். காலியாகாமல் மீன் போகாது. போய் நில் என்று அனுப்பினாள்.

நம் பக்கத்தில் விருந்தென்றால் எப்படி? பந்தியில் உட்கார்ந்தால் இலையில் எல்லாப் பண்டமும் வந்து விழ வேண்டும். உப்பு முதல் அப்பளம் வரைக்கும். கடைசி ஆளுக்கும் கடைசிப் பண்டம் விழுந்த பிறகு, வீட்டுக்காரர் வந்து கையெடுத்துக் கும்பிட்டு, உண்ணுங்க சாமி என்று சொல்ல வேண்டும். அப்புறம் பெரியவர் கைவைக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு பருக்கையைத் தொட்டாலும் காணாததைக் கண்டவன் என்று பேராகிவிடும். மணியக்காரர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். மீதிப் பண்டமெல்லாம் வரட்டும், கடைக்காரி வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தார். தனி ஆளாக வந்த வண்டிக்காரனுக்கு இந்த மரியாதை ஒன்றும் தேவைப்படவில்லை. அதனால் இப்படி ஒரு முட்டுச்சந்து இருக்கிறது என்பதே கந்தம்மாளுக்கு அதுவரைக்கும் தெரியாது.

பூவாத்தாளுக்கோ வேறு கணக்கு. மூத்தவள் அவள்தான். ஆனாலும் ஆண்பிள்ளைகள் உண்டு எழுந்த பிறகுதானே பெண்பிள்ளை உண்பது? அவர்கள் ஆரம்பிக்கவே இல்லை. அவள் எப்படி ஆரம்பிப்பாள்?

ஆக அவர்கள் மீனுக்குக் காத்திருந்தார்கள், மீன் அவர்களுக்குக் காத்திருந்தது. சூப்பு ஆறிக்கொண்டிருந்தது.

சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கந்தம்மாளுக்கு, கிண்ணத்தின் மேல் ஆவி மெலிந்து மெலிந்து நின்றுபோனது தெரிந்தது. பிறகு கொழுப்பு வெள்ளையாக ஆடை கட்டுவதும் தெரிந்தது. சரவணமுத்து குனிந்து மணியக்காரர் காதில் ஏதோ சொன்னார். கிடங்கு என்ற சொல் மட்டும் கதவைத் தாண்டி வந்தது. மணியக்காரர் மேல்துண்டைச் சரிபண்ணிக்கொண்டார். எழுந்திருக்கப் போகிறவர் செய்கிற காரியம் அது.

அடுப்படி மூலையில் ஒரு கூடை கவிழ்ந்திருந்தது. கந்தம்மாள் அதன் பக்கத்தில் போய் நின்றாள். கூடையை எடுத்தாள். உள்ளே ஒரு பானை. பானை நிறையச் சோறு. பக்கத்தில் சின்னச் சட்டியில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. விடிகாலையில் சடையன் தண்ணீர் சேந்தப் போயிருந்த நேரத்தில் ஒருத்தருக்கும் தெரியாமல் ஆக்கி மறைத்து வைத்தது. சட்டம் பேசியவள்தான். கரண்டி பறக்கும் என்று தம்பியை மிரட்டியவள்தான். ஆனாலும் கடை போய்விட்டால் மறுபடி ராட்டை என்பது அவளுக்கு மறக்கவில்லை. மூடியைத் திறந்தாள். சோற்று வாசனை முகத்தில் அடித்தது. கரண்டியைச் சோற்றுக்குள் விட்டாள். இதைக் கொண்டுபோய் இலையில் கொட்டி, உண்ணுங்க சாமி என்று ஒரு கும்பிடு போட்டால் போதும். மூன்று பேரும் வயிறாரத் தின்றுவிட்டு நல்ல கடை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நல்ல கடைதான். ஆனால் அவளுடைய கடை இல்லை. பூவாத்தாள் வழக்கம்போல் ஒதுங்கி உட்கார்ந்து, அவர்கள் எழுந்த பிறகு ஆறினதைத் தின்பாள்.

கரண்டியை உருவினாள். மூடியைப் போட்டாள். கூடையைக் கவிழ்த்தாள். அடுப்பைத் தூண்டிவிட்டுச் சூப்பைத் திரும்பவும் கொதிக்க வைத்தாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

மதாமின் சட்டத்தில் மூன்றாவதை அவள் மீறியது அன்றைக்கு மட்டும்தான். அதையும் கெஞ்சுவதற்காக மீறவில்லை. மேசையில் இருந்த ஆறிப்போன கிண்ணங்களை எடுத்துச் சடையன் கையில் அடுக்கினாள். கொதிக்கிற சூப்பைப் புதுக் கிண்ணங்களில் கொண்டுவந்து, முதலில் பூவாத்தாள் முன்னாலும், பிறகு மற்ற இருவர் முன்னாலும் வைத்தாள். நாலாவதாக ஒரு கிண்ணத்தை மேசைக் கோடியில் வைத்து, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, அவர்களோடு அவளே உட்கார்ந்தாள். கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

சரவணமுத்துவுக்கு ஒருவழியாக ஒரு குற்றம் கிடைத்துவிட்டது. "ஏனம்மிணி, விருந்தாளி உக்காந்திருக்கக் கடைக்காரி கைநனைக்கறது எந்த ஊரு வழக்கம்?"

"ஆறிப்போனா இது கழுநீருங்க. கழுநீரை விருந்தாளிக்கு வெக்கறது எந்த ஊர்லயும் வழக்கமில்லீங்க."

மணியக்காரர் பொறுமையாகவே கேட்டார். "எல்லாத்தையும் ஒண்ணாக் கொண்டாந்து வெச்சுட்டா என்ன கொறைஞ்சு போகுது?"

"சூடு கொறைஞ்சு போகுதுங்க. இதைக் குடிச்சு முடிச்சா மீன் வரும். மீன் சட்டியில ரெடியா நிக்குது. அதை முடிச்சாக் கறி. ஒவ்வொண்ணும் அடுப்புல இருந்து நேரா உங்ககிட்ட வரோணும். அதுக்குத்தானுங்க இந்தக் கடை."

அப்படியானால் ஆண்பிள்ளைகள் குடிக்கட்டும், தான் பொறவு பார்த்துக்கொள்கிறேன் என்று பூவாத்தாள் கிண்ணத்தைத் தம்பி பக்கம் நகர்த்தினாள். கந்தம்மாள் கையை நீட்டி அதைத் திரும்பவும் அவள் பக்கமே நகர்த்தினாள்.

"பொறவு உண்ணறதுக்கு உங்க ஊட்டுலயே அடுப்படி இருக்குதுங்களே, ஆத்தா. அதுக்கு வண்டி கட்டிட்டு இத்தனை தூரம் எதுக்கு வந்தீங்க?"

சடையன் கண்ணை மூடிக்கொண்டான். மணியக்காரரின் அக்காளிடம் அந்த மாதிரி யாரும் பேசினதில்லை.

பூவாத்தாள் கந்தம்மாளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்திலிருந்து எழும்புகிற ஆவியைப் பார்த்தாள். இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கி, ஊதாமல் ஒரு வாய் உறிஞ்சினாள். சுட்டிருக்க வேண்டும், கண்ணில் தண்ணீர் நின்றது. இன்னொரு வாய். இன்னும் ஒரு வாய்.

"உப்புக் கம்மி," என்றாள்.

"சரியாத்தானுங்க இருக்குது."

"உனக்குச் சரி. எனக்குக் கம்மி."

சடையன் உப்புக்கு ஓடினான். பூவாத்தாள் ஒரு சிட்டிகை போட்டு, கிண்ணத்தை மறுபடி எடுத்து, அடி தெரிகிற வரைக்கும் குடித்துவிட்டு வைத்தாள். பெரியவள் கைவைத்தாயிற்று. இனி மற்றவர்கள் சும்மா இருந்தால் அதுதான் மரியாதைக் குறைவு. மணியக்காரர் கிண்ணத்தைத் தூக்கினார். ஒரு வாய் உள்ளே போனதும் புருவம் ஏறியது. அப்புறம் அவர் இறக்கவே இல்லை.

மிச்சம் இருந்தது சரவணமுத்து. கோபத்தில் இருக்கிற மனுசர் சூப்பைக் குடித்தால் தோற்றதாகிவிடும் என்று சொட்டுச் சொட்டாக உதட்டில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் கிண்ணம் காலியாகவில்லை. அதனால் மீன் வரவில்லை. அடுப்படியிலிருந்து காவேரிக் கெண்டை வறுபடுகிற வாசனை மட்டும் வந்தது. மணியக்காரர் முதலில் கதவைப் பார்த்தார், அப்புறம் பங்காளியைப் பார்த்தார். கடைசியில் பொறுக்கவில்லை.

"சீக்கிரம் குடியப்பா. உன்னால மீனு அங்கயே நிக்குது."

அதற்கப்புறம் கந்தம்மாள் முக்காலியைத் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு வெளியே வேலை இல்லை. மீன் போனது. எலும்பு மட்டும் திரும்பி வந்தது. சின்ன வெங்காயமும் உருளைக்கிழங்கும் போட்டு மசிய வேகவைத்த கறி போனது. தொட்டுக்கொள்ளக் கம்பு அடை போனது. மதாம் பார்த்திருந்தால் அடையைக் கண்டு அழுதிருப்பாள். ஆனால் சங்ககிரியில் வெள்ளைக்கார ரொட்டிக்கு எங்கே போவது? ஒவ்வொரு தடவையும் முதல் தட்டு பூவாத்தாளுக்கே போனது. இரண்டாவது தடவையில் அவள் தம்பியைப் பார்த்தாள். மூன்றாவதில் பார்க்கவில்லை. கடைசியில் பாலும் முட்டையும் சேர்த்து, மேலே சர்க்கரையைக் கருக்கிவிட்ட இனிப்பைச் சின்னக் கிண்ணத்தில் கவிழ்த்துக் கொடுத்ததும், அது நடுங்குகிறதே என்று சரவணமுத்து பின்வாங்கினார். பூவாத்தாள் தன்னுடையதை முடித்துவிட்டு அவருடையதையும் எடுத்துக்கொண்டாள்.

இனி வரவேண்டியது தீர்ப்பு. மணியக்காரர் அக்காளைப் பார்த்தார். கந்தம்மாள் கதவுச் சந்தில் கண்ணை வைத்திருந்தாள்.

பூவாத்தாள் எழுந்திருக்கவில்லை. இன்னும் என்ன இருக்கிறது என்று சடையனைக் கேட்டாள். அவ்வளவுதான் என்றான். சோறு இல்லையா என்றாள். சோறு இல்லை என்றான், அவனுக்குத் தெரிந்தவரைக்கும் உண்மையாகவே. அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"சோறில்லாமயே நெறைஞ்ச மாதிரித்தான் இருக்குது. இது என்ன மாயம்னு தெரியலை. அடுத்த சந்தைக்கு வந்துதான் பார்க்கோணும்." பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "நீ வரலீன்னாலும் பரவாயில்லை, வண்டியை மட்டும் கட்டி அனுப்பு."

மணியக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை பூட்டு வரவில்லை. சரவணமுத்துவின் பருத்தி ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தது. பூவாத்தாள் சந்தை தவறாமல் வந்தாள். இரண்டு மூன்று மாசத்தில் கூட ஒருத்தியை அழைத்துவந்தாள், அப்புறம் இன்னொருத்தியை. ஜன்னலோரத்து நாற்காலி அவளுடையது என்று ஆகிவிட்டது. தெரியாமல் உட்கார்ந்த பஸ் டிரைவரை அவள் பார்த்த பார்வையில் அந்த ஆள் சூப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்படிக்குப் போய்விட்டார். ஒவ்வொரு தடவையும் உப்புக் கம்மி என்பாள். ஒவ்வொரு தடவையும் கந்தம்மாள் சரியாத்தானுங்க இருக்குது என்பாள்.

இதை இவ்வளவு தூரம் எழுதி முடித்தவன், மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரம் பார்த்துக் கந்தம்மாளிடமே கொண்டுபோய்ப் படித்துக் காட்டினான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். பாரிஸ் மந்திரிகள் மூக்கை நீட்டியதை, அது நியாயம்தான் என்பதுபோல் விட்டுவிட்டாள். வீரபாகு பேர் வந்தபோது மட்டும் ஒரு வெங்காயத்தைக் கூடுதலாக உரித்தாள். கடைசிவரை கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எல்லாம் சரி சாமி. அடுப்படிக் கதவைச் சாத்திட்டேன்னு நீயே எழுதியிருக்கறே. கூடைக்குள்ள சோத்துப்பானை இருந்தது உனக்கு எப்படித் தெரியும்? சடையனுக்கே தெரியாது."

கதை எழுதுகிறவன் இதையெல்லாம் மனசால் ஊகித்துத்தான் எழுதுவான் என்று எழுதினவன் சொல்லிப் பார்த்தான்.

"கத்தரிக்காய்ப் புளிக்குழம்புங்கறதையும் மனசால ஊகிச்சுட்டியா?" என்றாள் கந்தம்மாள். "அடுத்த நாள் விடியறப்போப் பார்த்தாப் பானையில பாதிச் சோத்தைக் காணோம், குழம்புச் சட்டி வழிச்சு வெச்ச மாதிரி இருந்துது. பின்கதவு வழியா நாய் பூந்திருச்சுன்னு நெனைச்சேன். ஆனாத் தின்னு முடிச்சுட்டுப் பானையை மூடி, கூடையையும் திருப்பிக் கவுத்து வெச்சுட்டுப் போன நாயை நான் எங்கயும் பார்த்ததில்லை. இத்தனை நாளா அந்த நாயைத்தான் சாமி தேடிட்டு இருந்தேன்."